புகார்ப் பெட்டிக்குச் சாவி யார் கையில்?

உதவி கொடுக்கிற கையே வம்புக்கு நீண்டால் ஏழைப் பெண் எங்கே போவாள்?

கண்ணமங்கலம்:-

ஆபீஸ் சுவரில் ஒரு பெட்டி தொங்குகிறது. மேலே "புகார்ப் பெட்டி" என்று பெயிண்டில் எழுதியிருக்கிறது. கீழே ஒரு சின்னப் பூட்டு.

அந்தப் பூட்டுக்குச் சாவி எங்கே?

யார் மீது புகார் எழுத வேண்டுமோ, அவருடைய மேஜை டிராயரிலேயே கிடக்கிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். அந்தப் பெட்டியில் எவராவது காகிதம் போடுவார்களா? போட்டால்தான் என்ன ஆகும்?

பட்டுத்தறி ஓடுகிற ஊர் கண்ணமங்கலம். தறிக்குழியில் புருஷன் இறங்கினால், மனைவி தார் சுற்றுகிறாள். சேலை அறுத்துக் கொடுத்தால்தான் கூலி. பாவு வராத நாட்களில் அடுப்பு எரிவதே பெரும்பாடு.

இப்படிப்பட்ட குடும்பத்துக்கு உதவி என்பது பெரிய விஷயம். நெசவாளர் அட்டை, முதியோர் பென்ஷன், வீடு கட்டப் பணம், மகளிர் குழுக் கடன், தொண்டு நிறுவனம் தருகிற பள்ளிக்கூடச் செலவு என்று எத்தனையோ வருகின்றன. ஒவ்வொன்றுக்கும் ஒரு பட்டியல் உண்டு. பட்டியலில் பேர் எழுத ஒருவர் உண்டு.

அந்த ஒருவர் கெட்டவராக இருந்துவிட்டால்?

"தனியா வந்து பாரு"

ஒரு பெண்ணை நினைத்துப் பாருங்கள். பெயர் வேண்டாம். எந்தத் தெருவிலும் இருக்கக்கூடியவள். உதவிக்கு எழுதிப் போட்டிருக்கிறாள். விசாரிக்க வந்த ஆசாமி வாசலில் நின்று சொல்கிறான்:

"இன்னாம்மா, லிஸ்ட்ல உன் பேரு கடைசில கீதே. மேல ஏத்தணும்னா நீதான் மனசு வைக்கணும்."

"எவ்ளோ சார் ஆவும்?"

"பணம் யாரு கேட்டா? சாயங்காலம் ஆபீஸ் பக்கம் தனியா வந்து பாரு. பேசிக்கலாம்."

அவளுக்கு விஷயம் விளங்கிவிட்டது. கை நடுங்குகிறது. யாரிடம் சொல்வாள்?

மாமியாரிடம் சொன்னால், "நீ எதுக்குடி அவன்கிட்ட நின்னு பேசினே?" என்பாள். புருஷனிடம் சொன்னால் அடிதடி ஆகிவிடும். அக்கம்பக்கத்தில் சொன்னால் ஊரே சிரிக்கும். ஆபீசில் சொல்லலாம் என்றால், ஆபீசே அவன்தான்!

வாயை மூடிக்கொள்கிறாள்.

இவள் கற்பனைப் பெண்தான். இந்த ஊரில் இன்னார் இப்படிச் செய்தார் என்று சொல்வதற்கு இல்லை. ஆனால் இதே பேச்சு உலகத்தின் பல மூலைகளில் நிஜமாகவே நடந்து அம்பலமாகியிருக்கிறது. அங்கெல்லாம் ஏழைகள் சொல்ல முடியாமல் போனதும், கடைசியில் எப்படிச் சொன்னார்கள் என்பதும் நமக்குப் பாடம்.

அரிசிக்கு விலை மானம்

மேற்கு ஆப்பிரிக்காவில் லைபீரியா, கினி, சியரா லியோன் ஆகிய 3 நாடுகளில் உள்நாட்டுச் சண்டையால் லட்சக்கணக்கான பேர் அகதிகள் ஆனார்கள். 2001-ம் ஆண்டு கடைசியில் ஐ.நா. அகதிகள் அமைப்பும், இங்கிலாந்தின் 'சேவ் தி சில்ரன்' அமைப்பும் அந்த முகாம்களுக்குப் போய்ப் பிள்ளைகளிடம் பேசின. 2002 பிப்ரவரியில் விவரம் வெளியானது. உலகமே திடுக்கிட்டது.

சாப்பாட்டுப் பொருளும் எண்ணெயும் பங்கு போடுகிற உதவி ஊழியர்களில் சிலர், அதைக் காட்டியே சிறுமிகளைக் கெடுத்ததாகப் புகார். பாதிக்கப்பட்டவர்களில் பெரும்பாலோர் 13 முதல் 18 வயதுப் பெண்கள். 40 அமைப்புகளைச் சேர்ந்த 67 பேரின் பெயர்கள் அடிபட்டன.

பிறகு ஐ.நா. தனியாக விசாரணை நடத்தியது. சொல்லப்பட்ட சம்பவங்களில் பலவற்றுக்குச் சாட்சியம் கிடைக்கவில்லை. ஆனால் கொடுமை நடப்பது உண்மைதான் என்று அந்த விசாரணையும் ஒப்புக்கொண்டது.

ஏன் சாட்சியம் கிடைக்கவில்லை? நடந்தபோதே சொல்ல வழி இல்லை. வழி இருந்தாலும் சொன்னால் அடுத்த வாரம் அரிசி வருமா என்ற பயம்.

2008-ம் ஆண்டு 'சேவ் தி சில்ரன்' மறுபடியும் ஓர் அறிக்கை கொண்டுவந்தது. ஹெய்தி, ஐவரி கோஸ்ட், தெற்கு சூடான் ஆகிய இடங்களில் பிள்ளைகளிடம் கேட்டார்கள். 'ஏன் சொல்லவில்லை?' என்பதற்குக் கிடைத்த காரணங்கள் இவை: உதவி நின்றுவிடும். ஊர் பழிக்கும். செய்தவன் பழிவாங்குவான். எங்கே சொல்வது என்று தெரியாது.

கண்ணமங்கலத்துத் தறிக்காரப் பெண்ணுக்கும் இதே பயங்கள்தானே!

கண்டுகொள்ளாத கடிதம்

2010 ஜனவரி 12-ந் தேதி ஹெய்தி நாட்டில் பயங்கர பூகம்பம். உதவிக்குப் போன பெரிய அமைப்புகளில் ஒன்று இங்கிலாந்தின் ஆக்ஸ்பாம். அதன் மேலதிகாரிகள் சிலரே அமைப்பு எடுத்துக்கொடுத்த வீட்டுக்குப் பெண்களை வரவழைத்ததாக 2011-ல் உள்ளுக்குள் விசாரணை நடந்தது. 4 பேர் நீக்கப்பட்டார்கள். 3 பேர் தாங்களே விலகிக்கொண்டார்கள். விஷயம் வெளியே வராமல் அமுங்கியது.

7 ஆண்டு கழித்து, 2018 பிப்ரவரியில் லண்டன் 'தி டைம்ஸ்' பத்திரிகை குட்டை உடைத்தது. இங்கிலாந்து அறக்கட்டளை ஆணையம் விசாரித்து 2019 ஜூனில் அறிக்கை கொடுத்தது. அதில் ஒரு தகவல் நெஞ்சைச் சுடுகிறது.

13 வயதுச் சிறுமி எழுதியதாகச் சொல்லப்பட்ட இ-மெயில் 2011-லேயே ஆக்ஸ்பாமுக்கு வந்திருக்கிறது. அது பொய்க் கடிதமாக இருக்கும் என்று நினைத்தார்கள். நிஜமா என்று தோண்டிப் பார்க்க இன்னும் முயன்றிருக்க வேண்டும் என்று ஆணையம் கண்டித்தது.

ஹெய்தியில் தலைமை அதிகாரியாக இருந்தவர் விலகியதும் என்ன ஆனார்? வேறு அமைப்பில் சேர்ந்து வங்காளதேசத்துக்கு வேலைக்குப் போய்விட்டார்! ஒரு ஊரில் மாட்டிக்கொண்டவர் அடுத்த ஊரில் நல்லவராக வலம் வர முடிந்தது.

இதற்குப் பிறகாவது நின்றதா? இல்லை. காங்கோ நாட்டில் 2018 முதல் 2020 வரை எபோலா நோய் பரவியபோது, வேலை தருவதாகச் சொல்லிப் பெண்களைக் கெடுத்ததாகப் புகார் கிளம்பியது. உலக சுகாதார நிறுவனம் அமைத்த தனிக் குழு 2021 செப்டம்பரில் அறிக்கை கொடுத்தது. குற்றம் சாட்டப்பட்ட 83 பேரில் 21 பேர் அந்த நிறுவனத்துக்கே வேலை பார்த்தவர்கள்.

வேலியே பயிரை மேய்ந்தது

அதெல்லாம் எங்கேயோ என்று நினைக்க வேண்டாம். நம் நாட்டிலேயே பீகார் மாநிலம் முசாபர்பூரில் நடந்தது.

அரசாங்கப் பணத்தில் ஒரு தொண்டு நிறுவனம் நடத்திய சிறுமிகள் காப்பகம் அது. அதிகாரிகள் வந்து பார்த்துப் போனார்கள். எல்லாம் சரியாக இருப்பதாகவே காகிதம் சொன்னது.

மும்பையில் உள்ள டாடா சமூக அறிவியல் நிறுவனத்தைச் சேர்ந்த 'கோஷிஷ்' குழு பீகாரின் காப்பகங்களைத் தணிக்கை செய்யப் போனது. கணக்குப் புத்தகத்தை மட்டும் புரட்டாமல் பிள்ளைகளிடம் பேசினார்கள். அப்போதுதான் வாய் திறந்தது. 2018-ல் அறிக்கை அரசிடம் போனது. மே 31-ந் தேதி போலீசில் வழக்குப் பதிவானது. 30-க்கும் மேற்பட்ட சிறுமிகள் சீரழிக்கப்பட்டது தெரியவந்தது.

சுப்ரீம் கோர்ட்டு வழக்கை பீகாரிலிருந்து டெல்லிக்கு மாற்றியது. 2020 ஜனவரியில் 19 பேர் குற்றவாளிகள் என்று தீர்ப்பானது. காப்பகத்தை நடத்திய பிரஜேஷ் தாக்கூருக்கு சாகும் வரை ஜெயில்.

இதில் கவனிக்க வேண்டியது ஒன்று உண்டு. தண்டனை பெற்றவர்களில் மாவட்டக் குழந்தைகள் நலக் குழுவின் தலைவராக இருந்தவரும், குழந்தைப் பாதுகாப்பு அதிகாரியாக இருந்தவரும் அடக்கம்!

புகார் கேட்க வேண்டியவர்களே குற்றவாளிகள். அந்தச் சிறுமிகள் யாரிடம் போய்ச் சொல்லியிருப்பார்கள்? புகார்ப் பெட்டியின் சாவி திருடன் கையில் இருந்தது. வெளியிலிருந்து வந்தவர்களிடம் பேச முடிந்ததால்தான் பூட்டு உடைந்தது.

உச்சப்பட்டி சோகம்

தமிழ்நாட்டில் நடந்த ஒன்று. மதுரை மாவட்டம் திருமங்கலம் அருகே உச்சப்பட்டியில் இலங்கைத் தமிழர் அகதிகள் முகாம் இருக்கிறது. முகாமில் ஆள் கணக்கெடுப்பு நடக்கும். கணக்கெடுப்பில் இல்லாவிட்டால் உதவித்தொகைக்கு ஆபத்து.

2016 மார்ச் மாதம் நடந்த கணக்கெடுப்பில் ஒருவரின் மகன் வரவில்லை. பையன் ஆஸ்பத்திரியில் இருப்பதாக அப்பா சொன்னார். கணக்கெடுக்க வந்த வருவாய்த்துறை அதிகாரி கேட்கவில்லை என்றும், வார்த்தை தடித்தது என்றும் முகாம்வாசிகள் சொன்னார்கள். மனம் உடைந்த அந்த மனிதர் அங்கேயே தன் உயிரை மாய்த்துக்கொண்டார். முகாமே கொந்தளித்தது.

இது வேறு வகைக் கொடுமை. ஆனால் வேர் ஒன்றுதான். எதிரே நிற்கிற ஒரே அதிகாரியிடம்தான் எல்லாம் இருக்கிறது. அவரைத் தாண்டி அந்த நிமிஷத்தில் பேச ஓர் ஆள் இல்லை. ஒரு போன் நம்பர் கையில் இருந்து, அதை எடுத்துப் பேச ஒருவர் இருந்திருந்தால் ஓர் உயிர் மிஞ்சியிருக்குமோ என்னவோ!

நல்ல வழிக்கு நாலு அடையாளம்

பத்திரமான புகார் வழி என்றால் என்ன? மேலே சொன்ன சம்பவங்களைப் பார்த்தால் நாலு விஷயம் தெரிகிறது.

ஒன்று: புகார், சம்பந்தப்பட்ட ஆளின் கையைத் தொடாமல் போக வேண்டும்.

இரண்டு: புகார் சொன்னதற்காக உதவி நிற்கக் கூடாது. பட்டியலில் பேர் இருப்பது வேறு, புகார் வேறு.

மூன்று: சொன்னவள் யார் என்பது தெருவுக்குத் தெரியக் கூடாது.

நாலு: எழுதப் படிக்கத் தெரியாதவளும் சொல்லக்கூடிய வழியாக இருக்க வேண்டும்.

இந்த நாலில் ஒன்று குறைந்தாலும் பெட்டி வெறும் பெட்டிதான்.

இந்த ஊர்ப் பெண் எங்கே போகலாம்?

திங்கட்கிழமைதோறும் திருவண்ணாமலை கலெக்டர் ஆபீசில் குறைதீர்க்கும் கூட்டம் நடக்கிறது. ஆனால் கண்ணமங்கலத்திலிருந்து பஸ் ஏறிப் போய் வந்தால் ஒரு நாள் கூலி போச்சு. மனுக்கள் பலவும் 'நடவடிக்கைக்காக' அந்தந்தத் துறைக்கே திரும்பி வருவதும் வழக்கம். மேலே போன காகிதம் சுற்றிச் சுற்றி அதே ஆசாமியின் மேஜைக்கு வந்தால்?

ஆகவே எந்தப் புகாருக்கு எந்தக் கதவு என்று தெரிந்திருப்பது நல்லது.

பணம் கேட்டால்:- கேட்பவர் அரசு ஊழியர் என்றால் நேராக லஞ்ச ஒழிப்பு போலீஸ். திருவண்ணாமலையில் அதன் பிரிவு இருக்கிறது. உள்ளூர் ஆபீசுக்கும் இதற்கும் சம்பந்தம் இல்லை.

மாலைப் பேப்பர் படிப்பவர்களுக்கு இந்த வேலை அத்துபடி. நோட்டு நம்பரைக் குறித்துக்கொண்டு, பினாப்தலின் பொடி தடவிக் கொடுப்பார்கள். கை நீட்டி வாங்கியதும் சோடியம் கார்பனேட் தண்ணீரில் விரலை முக்கினால் தண்ணீர் ரோஜா நிறமாகிவிடும். ஆசாமி கையும் களவுமாக மாட்டிக்கொள்வார்.

'ஏற்கனவே கொடுத்துத் தொலைத்துவிட்டேனே, எனக்கும் ஜெயிலா?' என்று பயப்பட வேண்டாம். 2018-ல் திருத்திய லஞ்ச ஒழிப்புச் சட்டப்படி, வற்புறுத்தலால் லஞ்சம் கொடுத்தவர் 7 நாளுக்குள் போலீசுக்கோ புலனாய்வு அமைப்புக்கோ சொல்லிவிட்டால் அவர் மீது குற்றம் இல்லை. ஆக, நாள் கடத்துவதுதான் ஆபத்து.

இன்னொன்றும் உண்டு. அந்தச் சட்டத்தில் லஞ்சம் என்றால் ரூபாய் நோட்டு மட்டும் அல்ல. பணத்தால் மதிப்புப் போட முடியாததைக் கேட்டாலும் அது லஞ்சம்தான்.

தவறாக நடந்தால்:- பெண்கள் பணியிடப் பாலியல் தொல்லைத் தடுப்புச் சட்டம் 2013-ல் வந்தது. அது வேலை பார்க்கிற பெண்ணுக்கு மட்டும்தான் என்று பலர் நினைக்கிறார்கள். தப்பு. அந்த இடத்தில் வேலையில் இல்லாத பெண்ணும் புகார் கொடுக்கலாம் என்று சட்டமே சொல்கிறது. உதவி கேட்டு ஆபீசுக்குப் போன பெண்ணும் இதில் சேர்த்தி.

10 பேர் வேலை பார்க்கிற எந்த நிறுவனத்திலும் விசாரணைக் குழு இருக்க வேண்டும். தலைவர் ஒரு பெண். வெளி ஆள் ஒருவரும் இருக்க வேண்டும். சின்ன ஆபீஸ் என்றாலோ, முதலாளியே தப்பு செய்தாலோ மாவட்ட அளவில் உள்ள உள்ளூர் குழுவிடம் போகலாம்.

புகாரை 3 மாதத்துக்குள் கொடுக்க வேண்டும். தக்க காரணம் இருந்தால் மேலும் 3 மாதம் தரலாம். எழுதத் தெரியாவிட்டால் குழுவினரே எழுத உதவ வேண்டும். பெயரை வெளியிடக் கூடாது. நிரூபிக்க முடியாமல் போனால் மட்டும் அது பொய்ப் புகார் ஆகிவிடாது என்றும் சட்டத்தில் எழுதியிருக்கிறது.

கை வைத்தாலோ மிரட்டினாலோ:- அது போலீஸ் விஷயம். எந்த போலீஸ் நிலையத்திலும் கொடுக்கலாம். 'இது எங்க எல்லை இல்லம்மா' என்று திருப்பி அனுப்பக் கூடாது. 2024 ஜூலை 1 முதல் நடைமுறைக்கு வந்த புதிய குற்றவியல் சட்டங்களில் இது தெளிவாக இருக்கிறது. பாலியல் குற்றங்களில் பெண் போலீஸ்தான் வாக்குமூலம் எழுத வேண்டும். பலாத்கார வழக்கில் வழக்குப் பதிய மறுக்கிற போலீஸ்காரருக்கே குறைந்தது 6 மாதம் ஜெயில் உண்டு. பாதிக்கப்பட்டவளின் பெயரை வெளியே விடுபவருக்கு 2 ஆண்டு வரை ஜெயில்.

பிள்ளைகள் என்றால்:- 18 வயதுக்கு உட்பட்டவர்களுக்கு 2012-ம் ஆண்டின் போக்சோ சட்டம். விஷயம் தெரிந்த எவரும் போலீசுக்குச் சொல்லியே ஆக வேண்டும். தெரிந்தும் மறைப்பது குற்றம்.

கடன் வசூல் தொல்லை என்றால்:- சிறுகடன் கொடுக்கிற கம்பெனிகளுக்கு ரிசர்வ் வங்கி 2022-ல் கண்டிப்பான விதி போட்டது. காலை 9 மணிக்கு முன்னும், மாலை 6 மணிக்குப் பின்னும் போன் செய்து நச்சரிக்கக் கூடாது. பேசி வைத்த பொது இடத்தில்தான் வசூல் செய்ய வேண்டும். இந்த விதி தெரிந்த பெண்ணிடம் வசூல்காரர் ராத்திரியில் வந்து கதவு தட்ட யோசிப்பார்.

குறித்து வையுங்கள்

பெண்கள் உதவிக்கு 181. பிள்ளைகளுக்கு 1098. அவசரத்துக்கு 112. இலவச சட்ட உதவிக்கு 15100. அரசுத் துறைகள் மீது குறை சொல்ல 1100. இவை எதுவும் உள்ளூர் ஆபீஸ் வழியாகப் போகிற நம்பர் அல்ல. பெண்கள் எவராக இருந்தாலும் இலவசமாக வக்கீல் வைத்துக்கொள்ள 1987-ம் ஆண்டுச் சட்டம் வழி செய்திருக்கிறது. வருமானம் எவ்வளவு என்று பார்ப்பதில்லை.

சொல்வதற்கு முன்னால்

அவசரப்பட்டு அந்த ஆளிடமே போய், "உன்மேல புகார் குடுக்கப் போறேன்" என்று சொல்லக் கூடாது. சாட்சியை அழித்துவிடுவான்.

எந்தத் தேதி, எத்தனை மணி, என்ன பேச்சு, யார் பக்கத்தில் இருந்தார்கள் என்பதை அன்றைக்கே எழுதி வைக்க வேண்டும். எழுதத் தெரியாவிட்டால் பள்ளிக்கூடம் போகிற பிள்ளையிடம் எழுதச் சொல்லாமல், நம்பிக்கையான அக்கா தங்கையிடம் சொல்லி எழுதலாம். போனில் வந்த மெசேஜை அழிக்கக் கூடாது. மனு கொடுத்தால் நகல் ஒன்று கையில் இருக்க வேண்டும். வாங்கியதற்குக் கையெழுத்தோ, மனு நம்பரோ கேட்டு வாங்க வேண்டும்.

தனியாகப் போக வேண்டாம். குழுவில் உள்ள நாலு பெண்கள் சேர்ந்து போனால் ஒருத்தியை மட்டும் தனியாகக் குறிவைக்க முடியாது. ஒரு பாவு இழையை விரலால் அறுத்துவிடலாம். முழுப் பாவை அறுக்க முடியுமா என்று தறிக்காரர்களுக்குச் சொல்லித் தர வேண்டியதில்லை.

கொடுப்பவர்களுக்கும் கடமை

உதவி கொடுக்கிற ஆபீசும் தொண்டு நிறுவனமும் செய்ய வேண்டியது மலையைப் புரட்டும் வேலை அல்ல.

பெட்டிக்கு இரண்டு பூட்டு போடலாம். ஒரு சாவி ஆபீசிலும், இன்னொன்று வெளி ஆள் ஒருவரிடமும் இருக்கட்டும். உதவிப் பட்டியலை எல்லாரும் பார்க்கிற சுவரில் ஒட்டலாம். பேர் எந்த இடத்தில் இருக்கிறது என்று தெரிந்தால், 'மேல ஏத்தறேன்' என்கிற பேச்சுக்கே இடம் இல்லை. பாஸ் புத்தகத்தின் முதல் பக்கத்திலேயே புகார் நம்பரை அச்சடிக்கலாம். வீட்டு விசாரணைக்கு ஒற்றை ஆளை அனுப்பாமல், பெண் ஊழியர் ஒருவரையும் சேர்த்து அனுப்பலாம். 'உதவி இலவசம், யாருக்கும் எதுவும் தர வேண்டாம்' என்று கொடுக்கும்போதே மைக்கில் சொல்லலாம்.

ஐ.நா. சபையே 2003 அக்டோபரில் தன் ஊழியர்களுக்கு உத்தரவு போட்டது. பணமோ, வேலையோ, பொருளோ, உதவியோ காட்டிப் பெண்களை அணுகினால் வேலை போகும். சக ஊழியர் செய்வதாகச் சந்தேகம் வந்தாலே மேலே சொல்லியாக வேண்டும். கூட வேலை பார்ப்பவன் என்று மூடி மறைக்கக் கூடாது.

ஒன்றை மறந்துவிடக் கூடாது. வெயிலிலும் மழையிலும் வீடு வீடாக அலைந்து நேர்மையாக உதவி சேர்க்கிற ஊழியர்கள் ஏராளம். ஒரு கெட்டவனால் அவர்கள் பேரும் சேர்ந்து கெடுகிறது. புகார் வழி சரியாக இருந்தால் முதலில் நிம்மதி அடைவது அந்த நல்லவர்கள்தான்.

இப்போது அந்தப் பெண்ணிடம் திரும்பலாம். "சாயங்காலம் தனியா வா" என்று சொல்லிவிட்டு ஆசாமி போய்விட்டான். அவள் தார் சுற்றுகிற ராட்டைக்கு முன்னால் உட்கார்ந்திருக்கிறாள்.

181 என்ற 3 எழுத்து நம்பர் அவளுக்குத் தெரிந்திருந்தால், சாயங்காலம் அவள் ஆபீசுக்குப் போக மாட்டாள். போன் எடுப்பாள்.

அது அவளுக்குத் தெரியுமா, தெரியாதா? உதவி கொடுக்கிற ஒவ்வொரு ஆபீசும் பதில் சொல்ல வேண்டிய கேள்வி இதுதான். பெட்டியைத் தொங்கவிட்டால் போதாது. சாவி சரியான கைக்குப் போய்ச் சேர வேண்டும்.